ஊழிவெள்ளமும் ஒரே அளவுகோலும்

மதத்தை ஆராய்வது வேறு. மதத்தைத் தூற்றுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் காட்டி ஆராய்ச்சியின் வாயை அடைப்பது, பழமையின் காவலர்கள் எந்நாட்டிலும் கையாண்டு வந்த முறை. பூமாலையும் இல்லாமல் சேற்றுக் கையும் இல்லாமல், ஓர் இனத்தாரின் வழிபாட்டை மற்றோர் இனத்தாரின் வழிபாட்டுக்குப் பக்கத்தில் வைத்து, ஒரு நாட்டாரின் புராணத்தை மற்றொரு நாட்டாரின் புராணத்தோடு ஒத்திட்டுப் பார்க்கும் கலை ஒன்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் தழைத்தது. ஒப்பியல் முறை மத ஆராய்ச்சி என்பர் அதனை. அது பஞ்சணையில் வளர்ந்த குழந்தையன்று. அதை வளர்த்தவர்கள் பதவி இழந்தனர், பழி சுமந்தனர். அந்த வரலாற்றை, ஒரே ஒரு கதையின் கைப்பிடித்து நாம் இங்குப் பின்தொடர்வோம். உலகை மூழ்கடித்த வெள்ளம், தப்பிப் பிழைத்த ஒரு மனிதன், அவனைக் காத்த மரக்கலம் என்பதே அக்கதை.

பிஷப்பைத் திகைக்க வைத்த கேள்வி

ஜான் வில்லியம் கோலென்சோ 1814இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கற்றுக் கணக்கியல் தேர்வில் இரண்டாம் இடம் பெற்றவர். அவர் எழுதிய கணக்குப் புத்தகங்கள் இங்கிலாந்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் பாடநூல்களாய் இருந்தன. 1853இல் அவர் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலின் பிஷப்பாக அமர்த்தப்பட்டார். ஜூலு மக்களுக்குச் சமயம் போதிக்கச் சென்றவர், அம்மக்களின் மொழியைக் கற்றார். அதற்கு இலக்கணம் எழுதினார். 1861இல் அகராதியும் வெளியிட்டார். பைபிளை ஜூலு மொழியில் பெயர்க்கும் பணியில் அவருக்குத் துணை நின்றவர் வில்லியம் இங்கிடி என்னும் ஜூலு இனத்தவர்.

ஆதியாகமத்தின் வெள்ளக் கதையை மொழிபெயர்த்துக் கொண்டிருந்தபோது இங்கிடி ஒரு கேள்வி கேட்டார். இதெல்லாம் நடந்தது என்று நீங்கள் மெய்யாகவே நம்புகிறீர்களா என்பதே அது. வெப்ப நாட்டு விலங்கும் குளிர் நாட்டு விலங்கும், பறப்பனவும் ஊர்வனவும், இணை இணையாய் வந்து ஒரே கலத்தில் ஏறினவா? அத்தனைக்கும், கொன்று தின்னும் விலங்குகளுக்கும்கூட, நோவா இரை சேர்த்து வைத்தாரா?

வேறொருவராக இருந்தால், வேதத்தில் ஐயமா என்று விழியை உருட்டி அடக்கியிருப்பார். கோலென்சோ நிலநூல் கற்றவர். உலகம் முழுவதையும் மூடிய வெள்ளம் ஒன்று நிகழ்ந்திருக்க இயலாது என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஆண்டவன் பெயரால் பொய் சொல்லலாமா என்று தம் நெஞ்சையே கேட்டுக்கொண்டதாகப் பின்னர் அவர் எழுதினார். கேள்வி கேட்டவரை அடக்காமல், கேள்வியைப் பின்தொடர்ந்தார்.

விளைவாக 1862இல் வெளிவரத் தொடங்கியது மோசேயின் ஐந்து ஆகமங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சி நூல். கணக்காசிரியர் அல்லவா? எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தார். எகிப்துக்குச் சென்ற யாக்கோபின் குடும்பத்தார் 70 பேர். சில தலைமுறைகளுக்குப் பின் மோசேயின் தலைமையில் வெளியேறியபோது, படைக்கலம் ஏந்தத்தக்க ஆடவர் மட்டும் 6,00,000 பேர் என்கிறது பைபிள். பெண்டிரையும் பிள்ளைகளையும் முதியோரையும் சேர்த்தால் 20 இலட்சத்தைத் தாண்டும். 70 பேர் அதற்குள் எப்படி இத்தனை பேராயினர்? இத்தனை பேருக்கும் பலிச் சடங்கு நடத்த மூன்றே குருமார் எப்படிப் போதும்? பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்கு. ஆனால் போடக்கூடாத கணக்கு!

சீறியது திருச்சபை. 1863இல் கேப்டவுன் தலைமைப் பிஷப் இராபர்ட் கிரே விசாரணை நடத்திக் கோலென்சோவைப் பதவி நீக்கினார். 1865இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பு செல்லாது என்றது. பதவி நிலைத்தது, பழி நிற்கவில்லை. ஜூலு மக்களை மாற்றச் சென்ற பிஷப்பை ஒரு ஜூலு மாற்றிவிட்டானாம் என்று இங்கிலாந்து சிரித்தது. அந்தச் சிரிப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். கேள்வி பிழையானது என்று எவரும் நிறுவவில்லை. கேட்டவன் கறுப்பன் என்பதே நகைப்புக்குப் போதுமானதாயிற்று. எப்பொருளை எவர் சொல்லக் கேட்டாலும் மெய்யைக் காணவேண்டும் என்ற வள்ளுவர் வழி, அன்று இலண்டன் மாநகருக்கு எட்டவில்லை போலும்!

கேள்வியை மதித்தவர், கேட்ட மக்களையும் மதித்தார். 1873இல் நேட்டால் அரசு லங்கலிபலேலே என்னும் குடித்தலைவருக்கு இழைத்த அநீதியை எதிர்த்துக் குரல் கொடுத்தார் கோலென்சோ. 1879இல் ஜூலு நாட்டின்மீது பிரிட்டன் தொடுத்த போரையும் கண்டித்தார். வெள்ளைக் குடியேறிகளின் வெறுப்பையே பரிசாகப் பெற்று 1883இல் மறைந்தார். ஜூலு மக்களோ அவரை மக்களின் தந்தை என்னும் பொருள்பட 'சோபாண்டு' என்று அழைத்தனர்.

களிமண் பேசியது

கோலென்சோ கேட்டது, இக்கதை நடந்ததா என்பதை. இக்கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு விடை, மெசபொடேமியாவின் மண்மேட்டுக்குள் உறங்கிக் கிடந்தது.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் அசீரியப் பேரரசன் அசுர்பனிபால், நினவே நகரில் ஒரு நூலகம் வைத்திருந்தான். ஏடுகள் களிமண்ணால் ஆனவை. எழுத்து ஆப்பு வடிவம். கி.மு. 612இல் பகைவர் நகரைக் கொளுத்தினர். ஓலையாயிருந்தால் சாம்பலாகியிருக்கும். களிமண்ணோ தீயில் சுட்டு இறுகியது! 1853இல், மோசுல் நகரிலே பிறந்த ஹோர்முஸ்த் இரஸ்ஸாம் அந்த அரண்மனையைத் தோண்டி ஏடுகளை வெளிக்கொணர்ந்தார். ஆயிரக்கணக்கான துண்டுகள் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குச் சென்று சேர்ந்தன.

அவற்றைப் படித்தவர் யார்? பட்டம் பெற்ற பண்டிதர் அல்லர். ஜார்ஜ் ஸ்மித் என்னும் தொழிலாளி. 1840இல் பிறந்து, 14 வயதில் பணத்தாள் அச்சுக்குச் செதுக்கு வேலை கற்கச் சேர்ந்தவர். நண்பகல் உணவு நேரத்தை அருங்காட்சியகத்தில் கழித்து, தாமே ஆப்பெழுத்தைக் கற்றவர். நுண்ணிய கோடுகளைச் செதுக்கிப் பழகிய கண், நுண்ணிய எழுத்துகளை எளிதில் இனங்கண்டது. அருங்காட்சியகமே பின்னர் அவரைப் பணியில் சேர்த்துக்கொண்டது.

1872இல் ஒரு துண்டைப் படித்துக்கொண்டிருந்தார். மலைமீது தங்கிய கப்பல். நிலம் தெரிகிறதா என்று பார்க்கப் பறக்கவிட்ட புறா. கால் வைக்க இடமின்றித் திரும்பிய பறவை. திகைத்துப் போனார். நோவாவின் கதை! ஆனால் நோவா இல்லை. கில்கமெஷ் காவியத்தின் 11ஆம் ஏடு அது. தப்பியவன் பெயர் உத்னபிஷ்டிம். வெள்ளத்தை ஏவியவர் ஒரு கடவுள் அல்லர், தேவர் கூட்டம். 1872 டிசம்பர் 3ஆம் நாள் இலண்டனில் இச்செய்தியை அவர் படித்தபோது, அவையில் பிரதமர் கிளாட்ஸ்டனும் அமர்ந்திருந்தார். ஓர் இலண்டன் நாளேடு 1,000 கினி பணம் தந்து அவரை நினவேக்கு அனுப்பியது. அங்கும் வெள்ளக் கதையின் மற்றொரு துண்டைக் கண்டெடுத்தார். மூன்றாம் பயணத்தின்போது நோய்வாய்ப்பட்டு, 1876இல் அலெப்போ பக்கத்தில் உயிர்நீத்தார். வயது 36.

அவருக்குப் பின் ஏடுகள் ஒன்றன்பின் ஒன்றாய் வாய்திறந்தன. சுமேரிய மொழியிலே இக்கதை 1914இல் வெளியாயிற்று. அத்ரகாசிஸ் என்பவனை நாயகனாக்கும் பாபிலோனியப் பாடல் கி.மு. 17ஆம் நூற்றாண்டு ஏட்டிலேயே உண்டு. 2014இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் பிங்கல் மற்றோர் ஏட்டை வெளியிட்டார். அதில் மரக்கலம் வட்டமானது. ஒகேனக்கல்லில் ஓடுகிறதே பரிசல், அதுபோன்ற வடிவம்! ஈராக்கின் ஆறுகளில் அத்தகைய வட்டத் தோணிகள் அண்மைக்காலம் வரை ஓடின.

ஆற்றின் குணமே தெய்வத்தின் குணம்

ஒப்பிடுதல் என்றால் ஒன்றுபோல் இருப்பதை மட்டும் பொறுக்கி எடுப்பதன்று. வேறுபாடுகளையும் எடுத்து நிறுத்தவேண்டும். அத்ரகாசிஸ் கதையில் வெள்ளம் ஏன் வந்தது? மக்கள் பெருகி இரைச்சல் போட்டனர். என்லில் என்னும் தேவனின் தூக்கம் கெட்டது. பைபிளில்? மக்களின் கொடுமை பெருகியது, கடவுள் தண்டித்தார். எலும்பு ஒன்றே, அதற்குள் ஊட்டப்பட்ட அறம் வேறு. சதபத பிராமணத்தில் மனுவை எச்சரித்துக் காப்பது ஒரு மீன். அங்கே பறவைகள் இல்லை. கிரேக்கரின் தியூக்காலியன் கதையில் தப்பியவர்கள் கல்லெறிந்து மக்களைப் படைக்கின்றனர்.

எகிப்தைப் பார்ப்போம். உலகை அழித்த பெருவெள்ளக் கதை எகிப்தியரிடம் இல்லை என்பதை, ஜேம்ஸ் பிரேசர் 1918இல் வெளியிட்ட நூலில், உலகெங்கும் இருந்து வெள்ளக் கதைகளைத் திரட்டித் தந்தபோது சுட்டிக்காட்டினார். ஏன் இல்லை? நைல் நதி ஆண்டுதோறும் காலம் தவறாமல் பெருகி, விதைப்புக்கு முன்பே வந்து, வண்டலை இட்டுச் சென்றது. வெள்ளம் வந்தால் எகிப்தியன் மகிழ்ந்தான். டைகிரிசும் யூப்ரடீசும் அப்படியல்ல. வடக்கு மலைகளில் பனி உருகும்போது, எப்பொழுது எவ்வளவு என்று சொல்லமுடியாமல், அறுவடைக் காலத்தில் பாய்ந்து விளைந்த பயிரை அழிப்பவை அவை. வெள்ளத்தைக் கொடுங்கோல் தெய்வத்தின் சினமாக அங்குள்ளோர் கண்டதில் வியப்பென்ன?

1929இல் ஊர் என்னும் பழைய நகரைத் தோண்டிய லியோனார்டு வூலி, தடித்த வண்டல் படிவைக் கண்டு, நோவாவின் வெள்ளம் இதுவே என்றார். ஏடுகள் கொட்டை எழுத்தில் போட்டன. பிறகு கிஷ், சுருப்பாக் முதலிய நகரங்களிலும் வண்டல் கிடைத்தது. ஆனால் காலம் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உலகை மூடிய ஒரு வெள்ளம் அன்று; ஊரை மூடிய பல வெள்ளங்கள்! அவற்றின் நினைவே கதையாயிற்று என்பது பொருந்தும்.

பேராசிரியரின் நாற்காலி

நினவே ஏடு செய்தித்தாள்களில் வந்தபோது மக்கள் ஆரவாரித்தனர். பைபிளுக்குச் சான்று கிடைத்தது என்று மகிழ்ந்தவர்களும் பலர். ஆனால் அதே அளவுகோலைப் பைபிளின்மீது வைத்தபோது என்ன நடந்தது? வில்லியம் இராபர்ட்சன் ஸ்மித்தின் வாழ்க்கை விடை சொல்லும்.

1846இல் ஸ்காட்லாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்த அவர், 1870இல் அபர்தீனில் உள்ள சுதந்திரத் திருச்சபைக் கல்லூரியில் எபிரேயப் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 24கூட நிரம்பவில்லை. 1875இல் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் பைபிளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பல கைகள் பல காலத்தில் எழுதித் தொகுத்த நூல் அது. உபாகமம் மோசே எழுதியதன்று என்பது அதன் கருத்து. வெள்ளக் கதையிலேயே இதற்குச் சான்று உண்டு. ஓரிடத்தில் ஒவ்வோர் உயிரிலும் ஓரிணை என்கிறது. அடுத்த அதிகாரத்தில் தூய விலங்குகளில் ஏழேழு என்கிறது. ஓரிடத்தில் 40 நாள். மற்றோரிடத்தில் 150 நாள். இரண்டு கதைகள் பின்னிக் கிடக்கின்றன.

இராபர்ட்சன் ஸ்மித் நாத்திகர் அல்லர். ஆழ்ந்த பக்தி உடையவர். ஆராய்ச்சி பக்தியைக் கெடுக்காது என்று உறுதியாக நம்பியவர். அந்த நம்பிக்கை அவரைக் காப்பாற்றவில்லை. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்தது. 1880இல் எச்சரித்து விட்டனர். மறுபடியும் ஒரு கட்டுரை, மறுபடியும் கொந்தளிப்பு. 1881இல் பேராசிரியர் நாற்காலியிலிருந்து இறக்கினர். அவரோ எந்தக் கலைக்களஞ்சியத்தில் எழுதியதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ, அதற்கே ஆசிரியரானார்! 1883இல் கேம்பிரிட்ஜில் அரபு மொழிப் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

1889இல் அவர் வெளியிட்ட செமித்தியர் மதம் பற்றிய சொற்பொழிவுகள் இந்தத் துறைக்கே திருப்புமுனை. பழைய மதங்களில் முதன்மையானது சடங்கு. கதை பிறகு வந்தது. சடங்கு மாறாமல் நிற்க, அதற்கான விளக்கம் ஆளுக்கு ஆள் மாறும் என்றார். மதத்தைத் தனிமனிதனின் நெஞ்சில் மட்டும் தேடாமல் சமுதாயத்தின் கூட்டு வாழ்வில் தேடச் சொன்னார். பின்னாளில் பிரான்சின் எமில் துர்க்கைம் கட்டிய மாளிகைக்கு இதுவும் ஓர் அடித்தளம். 1890இல் பிரேசர் தம் புகழ்பெற்ற 'பொற்கிளை' நூலை இவருக்கே காணிக்கையாக்கினார். 1894இல், 47 வயதில், காசநோய் இராபர்ட்சன் ஸ்மித்தைக் கொண்டு சென்றது.

அளந்தவர்களின் குறை

இவ்வறிஞர்களை நாம் போற்றுகிறோம், வணங்கவில்லை. அவர்களுள் பலர் ஒரு ஏணியைக் கற்பனை செய்தனர். 1871இல் 'தொல்பண்பாடு' பற்றி நூல் எழுதிய எட்வர்டு டைலரும் அப்படியே. கீழ்ப்படியில் காட்டு மக்கள், நடுவில் அரை நாகரிகர், உச்சியில் யார்? அவர்களேதாம்! உலகத்தாரின் சடங்குகளை எல்லாம் தொகுத்த பிரேசர், அச்சடங்குகளைச் செய்த மக்களிடையே சென்று வாழ்ந்தவர் அல்லர்; நூலகத்தில் இருந்தே எழுதினார். இந்த ஏணியின் பொய்மையைக் காட்ட இங்கிடியின் கேள்வி ஒன்றே போதாதா? அடிப்படியில் நிறுத்தப்பட்டவர் ஆராய்ச்சியாளரின் கேள்வியைக் கேட்டார். உச்சிப்படியில் நின்றவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தனர்.

பிறர் பொருளை அளக்க ஒரு கோல், தன் பொருளை அளக்க வேறு கோல் என்பது இந்தியாவை ஆராய்ந்தோரிடமும் இருந்தது. 1780களில் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் பாகவதத்தின் வெள்ளக் கதையை எடுத்துரைத்தார். ஆனால் இந்தியக் கால வரிசையை எல்லாம் பைபிளின் கால வரிசைக்குள் மடக்கி அடைக்கவே முயன்றார்.

வைகைக் கரையில் ஒரு நோவா

அந்தப் பாகவதக் கதை நம் கதவையும் தட்டுகிறது. சதபத பிராமணத்தில் மனு எந்நாட்டான் என்ற குறிப்பு இல்லை. பல நூற்றாண்டுகள் கழித்து எழுந்த பாகவதத்திலோ, மீன் வந்து சேர்ந்தது திராவிட நாட்டு மன்னன் சத்தியவிரதன் கையில்; இடம் கிருதமாலை ஆறு. அவ்வாற்றை வைகையோடு சேர்த்துச் சொல்வர். மதுரையில் கிருதுமால் என்னும் ஆறு இன்றும் உண்டு. வெள்ளத்தில் தப்பிய மனித குல முதல்வன் திராவிட மன்னனா? ஆகா என்று தோள் தட்டலாமா? கூடாது! நினவேயில் ஒரு பெயர், கிரேக்கத்தில் ஒரு பெயர், தெற்கே வந்ததும் தெற்கத்திய முகவரி. கதை ஊர் மாறும்போது பேர் மாறுகிறது; இதுவே ஒப்பியல் ஆராய்ச்சி கற்பித்த பாடம்.

அளவுகோலை இன்னும் அருகே கொண்டு வருவோம். கடல்கோள் பற்றியும் முச்சங்கம் பற்றியும் இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. தலைச்சங்கம் 4,440 ஆண்டு. இடைச்சங்கம் 3,700 ஆண்டு. கடைச்சங்கம் 1,850 ஆண்டு. கோலென்சோவின் வழியில் நாமும் கணக்குப் போடலாமே. 4,440 என்பது 37இன் 120 மடங்கு. 3,700 என்பது 37இன் 100 மடங்கு. 1,850 என்பது 37இன் 50 மடங்கு. மெய்யாகவே நடந்த மூன்று சங்கங்களின் ஆயுள், ஒரே எண்ணால் இப்படி மீதியின்றி வகுபடுமா? நடந்த வரலாறு இவ்வளவு ஒழுங்காய் நடப்பதில்லை. எழுதிய கைதான் இவ்வளவு ஒழுங்காய் எழுதும். இலெமூரியா என்ற பெயரோ தமிழ் ஏட்டில் பிறந்ததன்று. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்னும் விலங்கியலார், தேவாங்கினத்தைச் சேர்ந்த லெமூர் விலங்குகளின் பரவலை விளக்கச் சூட்டியது. நிலத்தட்டுகளே நகர்கின்றன என்பது 1960களில் உறுதிப்பட்டபின் அந்தக் கண்டம் அறிவியலுக்குத் தேவையற்றதாயிற்று.

இதனால் தமிழுக்கு இழுக்கா? இல்லை. புராணத்தின் புதைமணலில் இருந்து இறங்கியதால், உறுதியான தரையில் கால் ஊன்றினோம். சங்கப் பாடல்கள் கையில் இருக்கின்றன. வைகைப் பக்கத்துக் கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வில் செங்கல் கட்டடங்களும் எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன. அவற்றைப் பிறரும் வந்து அளக்கலாம், ஐயுறலாம், வாதிடலாம். அளக்க விடும் பெருமையே பெருமை.

அயலான் புராணத்தைப் பொய் என்று சொல்ல ஆராய்ச்சி வேண்டியதில்லை; பகைமை போதும். தன் புராணத்தின்மீதும் அதே கோலை வைப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். இலண்டன் கூட்டத்தில் நினவே ஏட்டுக்குக் கைதட்டியவர்களுக்கு அது இல்லை. கோலென்சோவுக்கு இருந்தது, இராபர்ட்சன் ஸ்மித்துக்கு இருந்தது. பகுத்தறிவைப் பேசும் நமக்கு இருக்கவேண்டும். ஆசிரியப் பணியில் உள்ளோருக்கு இது இன்னும் கடமை. வகுப்பறையின் கடைசிப் பலகையில் இருந்து ஒரு மாணவன் எழுந்து, 'ஐயா, இது நடந்ததா?' என்று கேட்டால், அவன் எந்தத் தெருவில் இருந்து வருகிறான் என்று பாராமல், கேட்டது எந்தக் கதையைப் பற்றியது என்றும் பாராமல், அவனை முன்வரிசைக்கு அழைத்து அமர்த்தி, 'வா, சேர்ந்து பார்ப்போம்' என்போம்.